சாம்பல் வட்டத்துக்கு என்ன எழுதுவது?

தூத்துக்குடி
27 பிப்ரவரி 2025

திரு. யாசிர் அவர்களுக்கு,

குழுவை நடத்தும் நாசரேத் ராஜதுரை சார் எனக்கு அனுப்பிய சேதியைத்தான் உங்களுக்கும் அனுப்பியிருப்பார். ‘எல்லோருக்கும் இணையம்’ குழுவை விட்டு நம் இரண்டு பேரையும் வெளியே நிறுத்திவிட்டார். “ஒருத்தி பேர் கிளாடிஸ், ஒருத்தர் பேர் யாசிர். இது மதச் சண்டையான்னு நாலு பேர் எனக்கு போன் போட்டுட்டாங்க. இனிமே மின்னஞ்சல்ல அடிச்சிக்கிடுங்க. அந்த வட்டத்துக்கு என்ன எழுதணும்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு ஒரே பதிலா எழுதி அனுப்புங்க, அன்னைக்குக் கதவைத் திறக்கேன்” என்று சொல்லிவிட்டார். மதச் சண்டையாக இருந்திருந்தால்கூட இதற்குள் ஓய்ந்திருக்கும். நாம் சண்டை போட்டது ஒரு சிவப்பு வட்டத்துக்காக.

அதனால்தான் எழுதுகிறேன். ஆசைப்பட்டு இல்லை.

குழுவில் கோபத்தில் பேசியதால் என்னைப் பற்றி ஒழுங்காகச் சொல்லவில்லை. எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இங்கே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் போன் எடுக்கிறேன். என் கைபேசிக்குள் ஒரு பொம்பளை இருக்கிறாள்; திரையில் இருப்பதை எல்லாம் எனக்கு வாசித்துச் சொல்வது அவள் வேலை. என் வீட்டுக்காரர் ஜோன்ஸ் ‘சகாய மாதா’ தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போய்வருகிறார். நீங்கள் துபாயில் உட்கார்ந்துகொண்டு எந்தத் தோணி எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு வலைத்தளம் கட்டியிருக்கிறீர்கள். கட்டியதற்கு நன்றி, மனசாரத்தான் சொல்கிறேன். எங்கள் தெருவே அதைத்தான் பார்க்கிறது. பச்சை வட்டம் என்றால் கரை சேர்ந்தாயிற்று, சிவப்பு என்றால் கடலில் போய்க்கொண்டிருக்கிறது.

நான் அதைத் திறந்தால் என் போன் பொம்பளை சொல்வது இதுதான்: “சகாய மாதா. சிவப்பு வட்டம். படம்.”

ஐயா, எனக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. தக்காளி சிவப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். என் புருஷன் தக்காளிக்குள் இருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்ளலாமா?

கடைசியில் பக்கத்து வீட்டு அமலோற்பவத்திடம்தான் போய் நிற்கிறேன். அவள் வட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு விட்டால் பரவாயில்லை. “சிவப்பாத்தான் இருக்கு ஏளா. நேத்தும் சிவப்பு. எங்க சித்தப்பா போன தோணியும் இப்படித்தான்…” என்று ஆரம்பிப்பாள். அவள் சித்தப்பா காலத்தில் வலைத்தளமே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து என் புருஷன் எங்கே இருக்கிறார் என்பதை அவள் வாயால்தான் கேட்கிறேன். ஒரு தடவையாவது நானாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கிளாடிஸ்


துபாய்
1 மார்ச் 2025

மதிப்பிற்குரிய கிளாடிஸ் மேடம் அவர்களுக்கு,

இங்கே இன்று முதல் நோன்பு. கோபப்பட்டால் நோன்பின் நன்மை குறைந்துவிடும் என்பதால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்து, தண்ணீர் குடிக்கவும் வழியில்லாமல், பொறுமையாகப் பதில் எழுதுகிறேன்.

முதலாவது, நான் விதியை மீறவில்லை. படத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று, கண் தெரியாதவர்களுக்கும் புரியும்படி தளம் கட்டுவதற்கான வழிகாட்டியில் இருக்கிறது. படத்தில் இருந்தது சிவப்பு வட்டம். நான் எழுதியது சிவப்பு வட்டம்.

இரண்டாவது, குழுவில் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். கனடாவிலிருந்து ஒருவர் நிறத்தைச் சொல்லச் சொன்னார். கோவைக்காரர் வடிவத்தையும் சேர்க்கச் சொன்னார். வட்டமா உருண்டையா என்று அவர்கள் இருவரும் தனியாக ஒரு வாரம் சண்டை போட்டார்கள். அவர்களை ராஜதுரை சார் வெளியே நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்கவும்.

மூன்றாவது, இதைத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். “கண் தெரியாத எல்லோருக்கும் இதுதான் வேணும்” என்று நீங்கள் எழுதுகிறீர்கள். ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் செந்தூர்வேல் அண்ணாச்சிக்கும் கண் தெரியாது. ஐம்பது வயதுக்கு மேல் பார்வை போனவர். அவருக்குச் சிவப்பு நன்றாக நினைவிருக்கிறது. “நிறத்தைச் சொல்லுங்க தம்பி, கேக்கையில மனசுக்குள்ள படம் வருது” என்று அவர் எழுதியதை நீங்கள் படிக்கவில்லை. அவரை நான் எந்தப் பக்கம் வைப்பது?

காயல்பட்டினத்துக்காரனுக்குத் தோணியைப் பற்றி என்ன தெரியும் என்றும் குழுவில் கேட்டீர்கள். என் மாமா ஹாமிது மாலேயில் விற்கும் வெங்காயம் உங்கள் சகாய மாதாவில்தான் போகிறது. தோணி தாமதமானால் மாமாவின் ரத்தக்கொதிப்பு ஏறும். அதற்காகத்தான் இந்தத் தளத்தையே கட்டினேன்.

தங்கள் உண்மையுள்ள,
யாசிர்


தூத்துக்குடி
5 மார்ச் 2025

யாசிர் தம்பிக்கு,

இன்று சாம்பல் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து எழுதுகிறேன். எங்களுக்கும் தவக்காலம் தொடங்கிவிட்டது. ஆக நீயும் பட்டினி, நானும் ஒருசந்தி விரதம். இரண்டு பசிக்காரர்கள் ஒரு வட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம், ஆண்டவர்தான் காப்பாற்ற வேண்டும். (வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு இளையவன், அதனால் இனி நீ, நான்தான்.)

ஏரல் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். அதில் முக்கால்வாசி பித்தளை விலை. “நீங்க பேச விடுத வேகத்துல அந்தப் பொம்பளை பேசினா எனக்குத் தலை சுத்துது தாயி” என்றார். என் போன் பேசுகிற வேகத்தில் எல்லோருடைய போனும் பேசும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சரி, அவருக்கு நிறம் வேண்டும் என்றால் கடைசியில் சேர்த்துக்கொள். முதலில் சேதியைச் சொல்லு. “சகாய மாதா, கடலில் செல்கிறது, சிவப்பு.” இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்று. தோணி கரை சேர்ந்ததா என்று நானாகப் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதுவாக வந்து சொல்ல வேண்டும். அப்புறம் தேவையில்லாத எதையும் சொல்லாதே. போன தடவை உன் தளத்தின் தலைப்பில் இருக்கும் அலை, நங்கூரம், பறவைப் படங்கள் மூன்றின் வர்ணனையையும் கேட்டு முடிப்பதற்குள் குசினியில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

கிளாடிஸ்


துபாய்
7 மார்ச் 2025

கிளாடிஸ் அக்கா,

எல்லாம் முடித்துவிட்டேன். வட்டங்கள் இனிமேல் சேதியை முதலில் சொல்லும், நிறத்தைக் கடைசியில் சொல்லும். அலை, நங்கூரம், பறவை மூன்றின் வாயையும் அடைத்தாயிற்று. பறவைக்காக மட்டும் கொஞ்சம் வருத்தம், நானே வரைந்தது.

தோணியின் நிலை மாறியவுடன் பக்கம் தானாகப் பேசும். பக்கத்தை மூடாமல் வைத்திருங்கள், போதும். அது எப்படிப் பேச வேண்டும் என்பதற்குக் குழுவில் நீங்கள் முன்பு எழுதியதையே தேடி எடுத்து அப்படியே செய்திருக்கிறேன்.

சாம்பல் நிறத்திலும் ஒரு வட்டம் உண்டு. தோணியிலிருந்து சேதி எதுவும் வராவிட்டால் அது வரும். சேதி இல்லை என்பதால் அதற்கு வாசிக்கவும் ஒன்றும் இல்லை. தேவையில்லாததைச் சொல்லாதே என்று நீங்களும் சொன்னீர்கள், வழிகாட்டியும் அப்படித்தான் சொல்கிறது. காலியாக விட்டுவிட்டேன்.

ராஜதுரை சாருக்கு எழுத வேண்டிய பதிலை நீங்கள் தொடங்குகிறீர்களா, நான் தொடங்கட்டுமா?

யாசிர்


தூத்துக்குடி
13 மார்ச் 2025

ஏலே யாசிர்,

நேற்று என் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? கேள்.

தவக்காலத்தில் எங்கள் தெருவில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்வோம். நேற்று என் வீட்டு முறை. அறை நிறைய ஆட்கள், எல்லோரும் முழங்காலில். என் மாமியார் முன்வரிசையில். போன் அலமாரி மேல் இருந்தது, நீ சொன்னபடி பக்கத்தை மூடாமல். இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துக்க மறையுண்மை நடந்துகொண்டிருக்கிறது, அமலோற்பவம் ராகம் போட்டு முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறாள், “அருள் நிறைந்த மரியே வாழ்க…”

“எச்சரிக்கை! சகாய மாதா!” என்று அலமாரியிலிருந்து ஒரு கத்தல்.

அதற்கு மேல் அவள் என்ன சொன்னாள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் அமலோற்பவம் அடுத்த மூச்சில் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். “ஐயோ என் தங்கச்சி தாலிய நம்பி இருந்தாளே” என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள். நான் அவளுக்குத் தங்கச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. என் மாமியார் அப்படியே சாய்ந்துவிட்டார். யாரோ சோடா வாங்க ஓடினார்கள். யாரோ சாமியாருக்கு ஆள் அனுப்பினார்கள். தெரு முழுக்க ஜோன்ஸ் தோணி போச்சு என்று சேதி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அந்த அலமாரி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது. என் வீட்டில், எனக்கு.

கடைசியில் ஒருவழியாகப் போனை எடுத்துத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: “சகாய மாதா. மாலே கரை சேர்ந்தது. வெங்காயம் நாற்பது டன் இறக்கப்படுகிறது. பச்சை.”

சாமியார், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு வந்து வாசலில் நிற்கிறார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். என் மாமியார் எழுந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி, “எந்தக் கட்டையில போவான் இந்தப் பொட்டிய செஞ்சது?”

பதில் சொல்.

கிளாடிஸ்


துபாய்
14 மார்ச் 2025

கிளாடிஸ் அக்கா,

மாமியார் நலமா? அவருக்கு என் சலாத்தைச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

குழுவில் போன வருடம் நீங்கள் எழுதியதைக் கீழே அப்படியே தருகிறேன். “முக்கியமான சேதி வந்தால் பேசிக்கொண்டிருக்கிறவளை நிறுத்திவிட்டுக் குறுக்கே புகுந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். எச்சரிக்கை என்ற வார்த்தை முதலில் வர வேண்டும். தயங்கித் தயங்கிச் சொல்கிற சேதி எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.” அதற்குக் கீழே நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். கோவைக்காரரும் கனடாக்காரரும் அதில் ஒன்றாகக் கைதட்டியிருந்தார்கள், அதுவே ஒரு அதிசயம்.

வழிகாட்டியில் உண்மையில் இருப்பது வேறு. உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும் அப்படிச் செய், மற்றதற்கு இப்போது கேட்டுக்கொண்டிருப்பது முடிந்த பிறகு மெதுவாகச் சொல் என்று இருக்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் உங்களோடு இன்னொரு சண்டை வேண்டாம் என்று நீங்கள் சொன்னதைச் செய்தேன். உங்களுக்குப் பயந்துவிட்டேன் அக்கா, அதுதான் நிஜம்.

இப்போது மாற்றிவிட்டேன். முறை வரும்வரை காத்திருந்து சொல்வாள். எச்சரிக்கை என்ற வார்த்தையே தளத்தில் இல்லை. என் தங்கை பாஹிமா நாளை ஊரிலிருந்து தூத்துக்குடிக்குத் துணி எடுக்க வருகிறாள். உம்மா செய்த தம்மடை இனிப்பைக் கொடுத்துவிடச் சொல்கிறேன், மாமியாருக்கும் சேர்த்து.

யாசிர்


தூத்துக்குடி
17 மார்ச் 2025

யாசிர்,

தம்மடை வந்தது. நான் தவக்காலத்துக்கு இனிப்பை விட்டிருக்கிறேன், மாமியாருக்குச் சர்க்கரை. முழு டப்பாவையும் அமலோற்பவம் தின்று தீர்த்துவிட்டு, “செஞ்ச கைக்குத் தங்க வளையல் போடணும்” என்றாள். ஒப்பாரி வைத்ததற்குக் கூலி அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. பாஹிமா நல்ல பிள்ளை. உன்னை மாதிரி ஒன்று இரண்டு என்று எண்ணிப் பேசவில்லை.

நான் எழுதியதைத்தான் செய்தாய் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது, அது ஈஸ்டருக்குள் தீர்ந்துவிடும். பயந்துகொண்டு ஒருவர் சொன்னதைச் செய்யாதே. என்னோடு சண்டை போட்டிருந்தால் சாமியாருக்கு அந்த நடை மிச்சம்.

ராஜதுரை சாருக்கு இப்படி எழுதுவோம்: “நிறத்தைச் சொல்வதற்கு முன் அதன் அர்த்தத்தைச் சொல்லுங்கள். தேவையில்லாததைச் சொல்லாதீர்கள்.” உனக்குச் சம்மதம் என்றால் உன் பெயரையும் போட்டு அனுப்பிவிடுகிறேன். ஜோன்ஸ் நாளை மாலேயிலிருந்து கிளம்புகிறார்.

கிளாடிஸ்


தூத்துக்குடி
24 மார்ச் 2025

யாசிர்,

அந்தப் பதிலை நான் அனுப்பப்போவதில்லை.

மூன்று நாளாக நான் போனைத் திறந்தால் அவள் “சகாய மாதா” என்கிறாள், அடுத்த தோணிக்குப் போய்விடுகிறாள். கடலில் என்றும் இல்லை, கரையில் என்றும் இல்லை. புதிதாக ஒன்றும் இல்லை, பழையபடி வந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று சீலா மீன் வாங்கி மசாலா தடவி வைத்தேன், வந்ததும் பொரித்துக் கொடுக்க.

இன்று ஆபீசில் ஒருவர் வந்து “சாப்பிட்டீங்களா அக்கா, தைரியமா இருங்க” என்றார். எதற்குத் தைரியம் என்று கேட்டேன். அப்புறம்தான் சொன்னார், வட்டம் சாம்பலாகி மூன்று நாள் ஆயிற்றாம். தோணியிலிருந்து ஒரு சேதியும் இல்லையாம்.

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. சந்தையில் மீன்காரி எனக்குப் பேரம் பேசாமல் கொடுத்தாளே, அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருநாள்கூட வாயை மூடாத அமலோற்பவம் மூன்று நாளாக என் வீட்டுப் பக்கமே வரவில்லை. கண் தெரிகிற எல்லோரும் ஒரு சாம்பல் வட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சும்மா இருந்திருக்கிறார்கள். உன் தளமும் அதையேதான் செய்திருக்கிறது.

நீ ஏழாம் தேதியே எழுதியிருந்தாய், காலியாக விட்டேன் என்று. நானும் வாசித்தேன், எனக்கும் உறைக்கவில்லை. அதனால் உன்னைத் திட்டவும் முடியவில்லை. என் புருஷன் எங்கே யாசிர்?

கிளாடிஸ்


துபாய்
24 மார்ச் 2025

அக்கா,

உங்கள் கடிதம் வந்தவுடன் எழுதுகிறேன். போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

ஹாமிது மாமா தோணி முதலாளியிடம் பேசிவிட்டார். வயர்லெஸ் போய்விட்டது என்பதுதான் அவர்கள் நினைப்பு. கடலில் காற்று இல்லை, மழை இல்லை. பின்னால் வருகிற தோணிகளுக்கும் கடலோரக் காவல்படைக்கும் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

அந்தச் சாம்பல் வட்டத்தை நானும் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். உங்களுக்காகவே எழுதிய பக்கத்தில் உங்களை மறந்தேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

மாற்றிவிட்டேன். இப்போது திறந்தால் இப்படிச் சொல்வாள்: “சகாய மாதா. சேதி இல்லை. கடைசியாகப் பேசியது வெள்ளிக்கிழமை காலை, மினிக்காய்த் தீவுக்குக் கிழக்கே, எல்லோரும் நலம். அடுத்த சேதிக்காகக் காத்திருக்கிறோம். சாம்பல்.” நீளம்தான். வழிகாட்டிப்படி இது அதிகம் என்று கனடாக்காரர் சொல்வார். சொல்லட்டும்.

இன்று நோன்பு திறக்கும்போது உம்மா, பாஹிமா, மாமா எல்லோரும் ஜோன்ஸ் மச்சானுக்காகத்தான் துஆ செய்கிறார்கள். நானும்.

யாசிர்


தூத்துக்குடி
27 மார்ச் 2025

ஏலே யாசிர்,

வந்துவிட்டார்! எஞ்சின் மக்கர், வயர்லெஸ் மக்கர், இரண்டையும் விட மோசம் சமையல்காரருக்கு வயிற்றுப்போக்கு. பின்னால் வந்த தோணி கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆள் கறுத்து, தாடியோடு, தூங்கிக்கொண்டிருக்கிறார். தாடியைத் தொட்டுத்தான் சொல்கிறேன். கறுத்ததை மாமியார் சொன்னார்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை.

இந்த மூன்று நாளும் போன் பொம்பளை “சேதி இல்லை” என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எத்தனை தடவை என்று கேட்காதே. அவள் என்னிடம் எதையும் மறைக்கவில்லை, ஊருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்று ஒரு பிடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

நேற்று மத்தியானம் குசினியில் நிற்கிறேன். ரேடியோவில் மீன்விலை சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்த மாதிரி, மெதுவாக, முறை பார்த்துச் சொன்னாள்: “சகாய மாதா. தூத்துக்குடி கரை சேர்ந்தது. எல்லோரும் நலம். பச்சை.”

வீட்டில் யாரும் இல்லை. யாரும் எனக்கு வாசித்துச் சொல்லவில்லை. என் புருஷன் வந்த சேதி முதலில் என் காதில்தான் விழுந்தது. நான் கரண்டியைப் போட்டுவிட்டு அழுதேன். அப்புறம் கரண்டியைத் தேடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே அமலோற்பவம் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அவளுக்கு நான் ஒரு சேதி கொண்டுபோனதே கிடையாது. வாசலில் நின்று, “ஏளா அமலோற்பவம், தோணி வந்துட்டு. எல்லாரும் நல்லா இருக்காவ” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுகிறாள். எனக்குப் பெருமை பொறுக்கவில்லை.

இன்று காலை ஜோன்ஸ்தான் சொன்னார். அவளுடைய தம்பி துறைமுகத்தில் சுமை வேலை. தோணி தலை தெரிந்ததுமே அவளுக்கு போன் போட்டுவிட்டானாம். எனக்குப் பச்சை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அவளுக்குத் தெரியும்.

போய்க் கேட்டேன், “ஏன்ளா சொல்லல?”

“நீயா வந்து சொல்லுவேன்னுதான் நடையிலயே உக்காந்துருந்தேன். நீ வாரதுக்குள்ள எனக்கு உசுரே போயிட்டு” என்றாள்.

ஒரு சேதியை ஒரு மணி நேரம் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள், அமலோற்பவம். அந்த மூன்று நாளுக்காக அவளைத் திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் அங்கேயே போய்விட்டது.

ராஜதுரை சாருக்குப் பதிலை மாற்றி எழுதி, இரண்டு பெயரும் போட்டு அனுப்பிவிட்டேன்: “சேதி இல்லை என்பதும் சேதிதான். அதையும் சொல்லுங்கள்.” கதவைத் திறந்துவிட்டார். கனடாக்காரர் அதற்குள் இது தவறு என்று எழுதியிருக்கிறார், கோவைக்காரர் அவரை மறுத்திருக்கிறார். சீக்கிரம் வா, நம் பக்கம் ஆள் குறைவு.

பெருநாள் வாழ்த்து. ஈஸ்டர் முடிந்ததும் உம்மாவை இன்னொரு டப்பா தம்மடை செய்யச் சொல். அதில் பாதி அமலோற்பவத்துக்கு.

உன் அக்கா,
கிளாடிஸ்